இந்தூர்க் குழியும் ஆர்கானிக் முத்திரையும்

உலகத்தின் எந்த மூலையில் இயற்கை விவசாய வரலாற்றை எழுதினாலும், அதில் ஓர் இடத்தில் இந்தூர் என்ற பெயர் வந்துவிடும். மக்கு உரம் தயாரிக்கும் ஒரு வழிக்கே 'இந்தூர் முறை' என்று எங்கள் ஊர்ப் பெயரை வைத்திருக்கிறார்கள். (இங்கே வந்து பதினோரு வருடம் குப்பை கொட்டியாகிவிட்டது. அதனால் 'எங்கள் ஊர்' என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.) ஆனால் அதே இந்தூரில் ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்து, ஆர்கானிக் என்று எழுதியிருக்கும் துவரம் பருப்பு பாக்கெட்டைக் கையில் எடுத்தால், அது நிஜமா டூப்பா என்று சொல்ல இந்தூர்க்காரர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

நான் பக்கத்தில் பீதம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதனாலேயே இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் எனக்கு ஒரு கூடுதல் உத்தியோகம் வந்து சேர்ந்திருக்கிறது. "அண்ணா, நீங்க குவாலிட்டியிலதானே இருக்கீங்க, இது நிஜ ஆர்கானிக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று பாக்கெட்டை நீட்டுவார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் கைக்குழந்தைக்காரர்கள். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க, இரண்டு மடங்கு விலை கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள். கொடுக்கிற காசு எதற்குப் போகிறது என்று தெரிந்தால் போதும் என்கிறார்கள். மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை, ஸ்கூல் ஃபீஸ், ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மிஞ்சுவதில் எடுக்கும் காசு அது. நியாயமான கேள்விதான்.

என் பதில் எப்போதும் ஒன்றே. பார்த்தெல்லாம் சொல்ல முடியாது. முகர்ந்தும் முடியாது, சமைத்துச் சாப்பிட்டும் முடியாது. நாங்கள் செய்கிற மாத்திரையையும்தான் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் பின்னால் இருக்கும் பேட்ச் நம்பர், யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பதிவு, கையெழுத்து, இவற்றைத்தான் பார்க்கிறோம். ஆர்கானிக் முத்திரையும் அப்படித்தான். அது பருப்பைப் பற்றிய சான்று இல்லை. அந்தப் பருப்பு வந்த வழியைப் பற்றிய சான்று. இந்தக் காகிதம் எப்போது, யாருக்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் பாக்கெட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். அதனால் கொஞ்சம் சரித்திரம்.

ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1905-ல் பீகாரில் இருக்கும் பூசாவுக்கு அரசாங்க ஆராய்ச்சியாளராக வந்தார். அவர் மனைவி கேப்ரியலும் தாவர விஞ்ஞானி. இரண்டு பேரும் சேர்ந்து கோதுமை ரகங்களில் நிறைய வேலை செய்தார்கள். பூசாவில் அவருக்கு ஒரு குறை இருந்தது. ஒரு துறைக்காரர் மண்ணைப் பார்ப்பார், இன்னொருவர் பூச்சியைப் பார்ப்பார், வேறொருவர் விதையைப் பார்ப்பார். பயிர் முழுசாக யார் கண்ணிலும் படாது. 1924-ல் ஹோல்கர் சமஸ்தானம் கொடுத்த நிலத்தில், பருத்தி ஆராய்ச்சிக்கென்று இந்தூரில் ஒரு நிலையம் தொடங்கியபோது, அதைத் தன் விருப்பப்படி நடத்தும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. இன்று அந்த இடத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது.

அங்கே அவர் செய்தது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. மால்வாவின் கரிசல் மண், பருத்திக் குச்சி, களை, சருகு, மாட்டுச் சாணம், தொழுவத்தில் மாட்டு மூத்திரம் ஊறிய மண், அடுப்புச் சாம்பல். இவற்றை ஆழமில்லாத குழியில் அடுக்கு அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, மூன்று முறை புரட்டிப் போட்டால் மூன்று மாதத்தில் கறுப்பாக, உதிரியாக உரம் தயார். நம் ஊர்த் தாத்தாக்கள் வீட்டுக்குப் பின்னால் எருக்குழி வெட்டிச் செய்ததுதானே இது என்று உங்களுக்குத் தோன்றும். கிட்டத்தட்ட அதுதான். இந்திய விவசாயிகளையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் தன் ஆசிரியர்களாக எடுத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஆனால் எருக்குழியில் எப்போது எவ்வளவு சூடு இருக்க வேண்டும், எந்த நாளில் புரட்ட வேண்டும், எதை எந்த அளவில் சேர்க்க வேண்டும் என்று அளந்து எழுதி வைத்தது அவரும் அவரோடு வேலை பார்த்த யஷ்வந்த் வாட் என்பவரும். 1931-ல் இருவர் பெயரிலும் புத்தகம் வந்தது. கேப்ரியல் அதற்கு முந்தைய வருடம் இறந்துபோனார். ஹோவர்ட் அந்த 1931-லேயே இங்கிலாந்து திரும்பிவிட்டார். 1935-ல் இந்தி சாகித்ய சம்மேளனத்துக்காக இந்தூர் வந்த காந்தி இந்த நிலையத்துக்கும் போய்க் குழிகளைப் பார்த்தார். பிறகு ஹரிஜன் பத்திரிகையில் இந்த உரத்தைப் பற்றி எழுதினார்.

1940-ல் ஹோவர்டின் 'அன் அக்ரிகல்ச்சரல் டெஸ்டமென்ட்' வெளியானது. அதே வருடம் நார்த்போர்ன் பிரபு என்ற இன்னொரு ஆங்கிலேயர் எழுதிய புத்தகத்தில்தான் 'ஆர்கானிக் விவசாயம்' என்ற சொல் பிறந்தது. ரசாயனம் இல்லாதது என்பது அந்தச் சொல்லின் முதல் அர்த்தம் இல்லை. பண்ணையே ஒரு உயிர். மண், பயிர், மாடு, மனிதன் எல்லாம் அதன் அங்கங்கள் என்ற பொருளில் அவர் அதைச் சொன்னார். தமிழ்நாட்டு அரசு ஆர்கானிக்குக்கு 'அங்ககம்' என்று பெயர் வைத்தபோது நாம் எல்லோரும் சிரித்தோம். உண்மையில் மூலத்துக்கு மிக நெருக்கமான மொழிபெயர்ப்பு அதுதான்.

இந்தக் கதையில் இதுவரை முத்திரை எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? தேவைப்படவில்லை. வாங்குகிறவனுக்கு விளைவிக்கிறவனைத் தெரியும். என் சின்ன வயதில் எங்கள் வீட்டு அரிசி எந்த வயலில் விளைந்தது, அந்த வயலுக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று அப்பாயிக்குத் தெரியும். தூரம் கூடக் கூடத்தான் காகிதம் தேவைப்படுகிறது. ஐரோப்பாவில் இந்தத் தூரம் நமக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஜெர்மனியில் 'டிமீட்டர்' என்ற முத்திரை 1928-லேயே வந்தது. இங்கிலாந்தில் 1946-ல் தொடங்கிய சாயில் அசோசியேஷன் 1967-ல் தன் முதல் தர விதிகளை எழுதியது. இது எல்லாம் அங்குள்ள சங்கங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒழுங்கு. சட்டம் இல்லை.

நம் நாட்டில் அதே 60களின் நடுவில் வேறு கதை ஓடியது. உணவுப் பஞ்சம், அமெரிக்கக் கப்பலில் வரும் கோதுமை, பிறகு குட்டைக் கோதுமை, யூரியா, பூச்சி மருந்து. பசுமைப் புரட்சியைத் திட்டுவது இப்போது ஒரு ஃபேஷன். பசித்தவனுக்குச் சோறு வந்தது என்பதையும் மறக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் விலையும் கொடுத்தோம். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் 70களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளின் படங்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2011-ல்தான் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை போட்டது. நகரத்துக்காரர்களுக்குப் பூச்சி மருந்து என்பது வயலில் மட்டும் இருப்பதில்லை என்று உறைத்தது 2003-ல். டெல்லியில் இருக்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அந்த வருடம் முதலில் பாட்டில் தண்ணீரிலும், ஆகஸ்டில் குளிர்பானங்களிலும் பூச்சி மருந்து எச்சம் இருப்பதாகப் பரிசோதித்து வெளியிட்டது. பார்லிமென்ட் கூட்டுக் குழு வரை விஷயம் போனது. ஆர்கானிக் என்ற சொல் நம் மளிகைப் பட்டியலுக்குள் நுழைந்தது ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

ஆனால் (இந்த ஆனால்தான் நான் சொல்ல வந்ததே) அப்போது இந்தியாவில் ஆர்கானிக் முத்திரை ஏற்கெனவே இருந்தது. நமக்காக இல்லை.

1991-ல் ஐரோப்பா ஆர்கானிக் உணவுக்குச் சட்டம் போட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கும் தங்கள் விதிக்குச் சமமான விதியில் விளைந்திருக்க வேண்டும் என்றது. நம் தேயிலை, மிளகு, ஏலக்காய், பருத்தி ஏற்றுமதிக்காரர்கள் ஐரோப்பாவிலிருந்து ஆய்வாளரை வரவழைத்துச் சான்று வாங்க வேண்டியிருந்தது. செலவுக்குச் சொல்லவா வேண்டும். அதனால் நாமே ஒரு தரத்தை உருவாக்கினால் என்ன என்று 2001-ல் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம் வந்தது. ஆங்கிலச் சுருக்கம் என்.பி.ஓ.பி. இதைக் கொண்டுவந்தது எந்த அமைச்சகம் தெரியுமா? விவசாயமும் இல்லை, சுகாதாரமும் இல்லை, வர்த்தகம். நடத்துவது ஏற்றுமதி வளர்ச்சி அமைப்பான அபேடா. வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின் கீழ் அறிவித்தார்கள். 2002-ல் 'இந்தியா ஆர்கானிக்' முத்திரை வந்தது. 2006-ல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் நம் சான்று முறையை ஏற்றுக்கொண்டன.

இதன் நேரடி விளைவு என்ன? ஹாம்பர்க்கில் இருக்கும் ஒரு ஜெர்மன் அம்மா மத்தியப் பிரதேசத்து எள்ளை வாங்கினால், அது ஆர்கானிக்தானா என்று சட்டம் அவருக்குக் காவல் நின்றது. அந்த எள் விளைந்த ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் நாம், இந்தூர் கடையில் அதே சொல்லை நம்பி வாங்கினால் கேட்பாரில்லை. யார் வேண்டுமானாலும் எதன் மேல் வேண்டுமானாலும் ஆர்கானிக் என்று எழுதலாம். உள்ளூர் விற்பனைக்குச் சான்று கட்டாயம் என்ற விதியே கிடையாது. இந்த நிலை பதினேழு வருடம் நீடித்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் ஆர்கானிக் உணவுக்கான விதிகளை வெளியிட்டு, 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகுதான் நமக்கும் ஒரு சட்டம் கிடைத்தது. கூடவே 'ஜைவிக் பாரத்' என்ற முத்திரையும் வந்தது. வட்டத்துக்குள் பச்சை இலை, அதில் சரி போட்ட குறி.

இப்போது அந்த விதிப்படி, இந்தியாவில் ஆர்கானிக் என்று சொல்லி விற்க இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று மேலே சொன்ன என்.பி.ஓ.பி. வெளியார் நிறுவனம் ஒன்று வந்து ஆய்வு செய்து சான்று தரும். பருவப் பயிர் என்றால் விதைப்பதற்கு முன் இரண்டு வருடமும், மா, தேயிலை போல நீண்ட காலப் பயிர் என்றால் முதல் அறுவடைக்கு முன் மூன்று வருடமும் நிலம் ரசாயனம் படாமல் இருந்திருக்க வேண்டும். விவசாயி, ஆலைக்காரர், வியாபாரி ஒவ்வொருவருக்கும் தனிச் சான்று. சரக்கு கை மாறும்போதெல்லாம் அந்த மூட்டைக்கென்று ஒரு பரிவர்த்தனைச் சான்று. நிலத்தின் அளவு, எதிர்பார்க்கும் விளைச்சல், விற்ற அளவு எல்லாம் கணினியில் ஏறும். பத்து மூட்டை விளையும் நிலத்திலிருந்து முப்பது மூட்டை விற்றால் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. எங்கள் ஃபேக்டரியில் உள்ளே போன மூலப்பொருளையும் வெளியே வந்த மாத்திரையையும் ஒவ்வொரு பேட்சுக்கும் சரிபார்ப்போம், அதே வேலைதான்.

சின்ன விவசாயி தனியாக இந்தச் செலவைத் தாங்க முடியாது. அதனால் 25 முதல் 500 பேர் வரை ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரே சான்று வாங்க வழி இருக்கிறது. குழுவே தன் உறுப்பினர்களை ஆய்வு செய்து பதிவு வைக்க வேண்டும். வெளி நிறுவனம் அதில் மாதிரிக்குச் சிலரை மட்டும் நேரில் பார்க்கும். ஏழைக்கு வாசல் திறந்த ஏற்பாடு இது. ஓட்டை விழுந்ததும் பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டாவது வாசல் பி.ஜி.எஸ். என்ற பங்கேற்பு உத்தரவாத முறை. 2011-ல் காசியாபாத்தில் இருக்கும் தேசிய அங்கக வேளாண் மையம் மூலமாக அரசு இதைத் தொடங்கியது. குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழு. ஒருவர் வயலை மற்றவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாறிக்கொண்டிருக்கும் நிலத்துக்கு 'பி.ஜி.எஸ். கிரீன்', முழுதும் மாறிய பிறகு 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்'. பக்கத்து வயல்காரனே ஆய்வாளர் என்றால் விளங்குமா என்று என் நண்பர் ஒருவர் நக்கலடித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராத்திரி யார் வயலில் யூரியா விழுந்தது என்று ஆண்டுக்கு ஒருமுறை காரில் வருகிற ஆய்வாளரை விட, பக்கத்து வயல்காரனுக்குத்தான் முதலில் தெரியும். அவன் சொல்வானா மாட்டானா என்பது வேறு விஷயம். உள்ளூரிலேயே விற்று உள்ளூரிலேயே சாப்பிடும் காய்கறிக்கு இந்த முறை போதும் என்பது என் அபிப்பிராயம். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வரும் பாக்கெட்டுக்கு நான் என்.பி.ஓ.பி. எண்ணைத் தேடுவேன்.

இந்த இரண்டும் இல்லாமல் ஒரு சின்ன சந்தும் இருக்கிறது. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு விவசாயி நேரடியாக நுகர்வோருக்கு விற்றால் சான்று வேண்டாம் என்று விலக்கு கொடுத்தார்கள். ஆனால் அவர் ஜைவிக் பாரத் முத்திரையைப் போட்டுக்கொள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தரையில் கூடை வைத்து உட்காரும் விவசாயி இந்த வகை. அவரிடம் காகிதம் கேட்பதில் அர்த்தம் இல்லை. வயலுக்கு வரலாமா என்று கேளுங்கள். வாங்க என்று உடனே சொல்கிறாரா, இழுக்கிறாரா என்று பார்த்தால் போதும். கடைக்காரர் அதே விலக்கைத் தனக்கும் சொன்னால் நம்ப வேண்டாம். இங்கே ஒரு கடையில் சாக்கில் கொட்டி வைத்திருந்த துவரம் பருப்பின் மேல் 'ஜைவிக்' என்று அட்டை குத்தியிருந்தார்கள். எந்த விவசாயி, எந்தச் சான்று என்று கேட்டேன். "பரோசா ரக்கியே, பாய் சாப்" என்றார். நம்பிக்கை வையுங்கள் என்று பொருள். வைத்துவிட்டு வந்தேன், பருப்பை :-)

சரி, காகிதம் இருந்தால் மட்டும் பத்தரை மாற்றுத் தங்கமா? இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2020-ல் உலக ஆர்கானிக் துணி அமைப்பான காட்ஸ், இந்தியப் பருத்தியில் போலிப் பரிவர்த்தனைச் சான்றுகளைக் கண்டுபிடித்தது. சுமார் 20,000 டன் பருத்தி, 11 கம்பெனிகளுக்குத் தடை. பருத்தியை நாம் சாப்பிடுவதில்லை என்று சமாதானம் சொல்ல முடியாது. இந்தியாவிலேயே ஆர்கானிக் நிலப்பரப்பு அதிகம் உள்ள மாநிலம் எங்கள் மத்தியப் பிரதேசம், பருத்தி இங்கே முக்கியமான பயிர். அதே 2020-ல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதை ஐரோப்பாவில் கண்டுபிடித்தார்கள். ஆர்கானிக் என்று போன சரக்கிலும் இருந்தது. கிருமி நீக்கப் பயன்படும் வாயு அது. எங்கள் தொழிலில் ஊசி, சிரிஞ்சு கிருமி நீக்கத்துக்கு உபயோகிப்பார்கள், எள்ளில் அதற்கு வேலை இல்லை. 2021 ஜனவரியில் அமெரிக்கா நம் சான்று முறைக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை முடித்துக்கொண்டது. 2022-ல் ஐரோப்பா ஐந்து சான்றளிக்கும் நிறுவனங்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. இதற்கெல்லாம் பிறகு 2025 ஜனவரியில் என்.பி.ஓ.பி.யின் எட்டாம் பதிப்பு வந்தது. குழுச் சான்று விதிகளை இறுக்கினார்கள். இந்தியா ஆர்கானிக், ஜைவிக் பாரத் என்ற இரண்டு முத்திரைக்குப் பதில் ஒரே முத்திரை என்றும் அறிவித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு 'எல்லாம் ஃப்ராடு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது. இந்தத் திருட்டுகள் எப்படி வெளியே வந்தன? காகிதம் இருந்ததால்தான். போலிச் சான்றைப் பிடிக்க நிஜச் சான்று என்று ஒன்று இருக்க வேண்டும். சாக்கில் அட்டை குத்தி விற்றதில் என்ன கண்டுபிடிக்க முடியும்?

அதனால் பாக்கெட்டை நீட்டுகிறவர்களிடம் நான் முதலில் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் விஷயம். முத்திரைக்குப் பக்கத்தில் சான்றளித்த நிறுவனத்தின் பெயரும், என்.பி.ஓ.பி., என்.ஏ.பி. என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் அங்கீகார எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அல்லது பி.ஜி.எஸ். முத்திரையும் குழுவின் எண்ணும். பதினான்கு இலக்க உணவு உரிம எண் எல்லா பாக்கெட்டிலும் இருக்கும். அது ஆர்கானிக்குக்குச் சான்று இல்லை, அதைக் காட்டி ஏமாறாதீர்கள். பல சரக்குக் கலவை என்றால் (சத்துமாவு ஓர் உதாரணம்) 95 சதவீதம் ஆர்கானிக்காக இருந்தால்தான் அந்தப் பெயர் வைக்கலாம். குறைந்தால் 'ஆர்கானிக் பொருள்களால் செய்தது' என்று மழுப்பலாக எழுதுவார்கள். அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கவனியுங்கள். உப்பும் தண்ணீரும் விளைபொருளே இல்லை. இந்தக் கணக்கில் அவற்றைச் சேர்ப்பதில்லை. ஆர்கானிக் உப்பு என்று யாராவது கூடுதல் காசு கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

'நேச்சுரல்', 'ஃபார்ம் ஃப்ரெஷ்', 'கெமிக்கல் ஃப்ரீ' எல்லாம் பின்னால் சான்று இல்லாத சொற்கள். 'ரெசிட்யூ ஃப்ரீ' கொஞ்சம் சாமர்த்தியமான சொல். மருந்து அடித்துவிட்டு, அது கரையும் வரை காத்திருந்து அறுத்தாலும் எச்சம் இல்லாமல் வரும். பொய் இல்லை, ஆனால் ஆர்கானிக்கும் இல்லை. அதேபோல ஆர்கானிக் என்றால் எச்சம் சுத்தமாகப் பூஜ்யம் என்றும் இல்லை. பக்கத்து வயலிலிருந்து காற்றில் வரும், வாய்க்காலில் வரும். அதனால் விதியிலேயே சாதாரண உணவுக்கு அனுமதித்த அளவில் ஐந்து சதவீதம், அல்லது கருவி அளக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு, இதில் எது அதிகமோ அது வரை விட்டிருக்கிறார்கள்.

நம் ஆட்களிடம் இருக்கும் ஒரு பிரத்யேகக் குழப்பம், எல்லா நல்லதையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவது. மரச்செக்கு எண்ணெய் என்றால் ஆட்டிய விதம்; கடலை எப்படி விளைந்தது என்பதைச் சொல்வதில்லை. மாப்பிள்ளைச் சம்பா என்றால் நெல் ரகம். அதற்கும் யூரியா போடலாம். வெல்லம் கறுப்பாக இருந்தால் வெளுக்க மருந்து போடவில்லை என்று ஓரளவு நம்பலாம். கரும்புக்கு என்ன போட்டார்கள் என்று தெரியாது. கத்தரிக்காயில் புழு இருந்தால் ஆர்கானிக் என்பார் எங்கள் எதிர்வீட்டு மாமி. மருந்துக்குப் பழகிப்போன புழுவும் இருக்கிறது மாமி என்று சொன்னால் கேட்பதில்லை.

சொல் குழப்பமும் உண்டு. நாம் எல்லாவற்றையும் 'இயற்கை' என்போம். நம்மாழ்வார் ஐயா காலத்திலிருந்து நம் நாக்கில் ஊறிய சொல் அது. அவர் கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணை வேலையை 1969-ல் விட்டுவிட்டு ஊர் ஊராக நடந்தவர். அவர் சொன்ன 'இயற்கை'யில் முத்திரையெல்லாம் இல்லை. இங்கே இந்தியில் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். 'ஜைவிக்' என்றால் ஆர்கானிக். நாம் இதுவரை பேசிய சட்டம், சான்று எல்லாம் இதற்குத்தான். 'பிராக்ருதிக்' என்றால் வெளியிலிருந்து உரமே வாங்காமல், நாட்டு மாட்டுச் சாணம், கோமியம் கொண்டு செய்யும் முறை. சுபாஷ் பாலேக்கர் பரப்பியது. ஆர்கானிக் வேறு, தன் முறை வேறு என்று அவரே அழுத்திச் சொல்வார். 2024 நவம்பரில் இதற்கென்று மத்திய அரசு 2,481 கோடி ரூபாயில் தனி இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. வட இந்தியக் கடைகளில் 'பிராக்ருதிக்' என்று இருந்தால் அதை ஆர்கானிக் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அது இந்தச் சான்று இல்லை.

ஊரிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் பாக்கெட்டுகளில் கோயம்புத்தூர் முகவரியோடு தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையின் முத்திரை இருந்தால், அது 2007-ல் தொடங்கிய அரசுத் துறை. அபேடா அங்கீகாரம் பெற்றது. அதுவும் என்.பி.ஓ.பி. வாசல்தான்.

எங்கள் வீட்டில் கேழ்வரகும் பருப்பும் மட்டும் சான்று பார்த்து வாங்குகிறோம், தினமும் பிள்ளைகள் சாப்பிடுவது என்பதால். காய்கறி, தேவாஸ் பக்கத்திலிருந்து வாரம் ஒருமுறை வரும் ஒரு விவசாயியிடம். அவருடைய காகிதத்தைப் பார்த்தேன், பி.ஜி.எஸ். கிரீன், மாறத் தொடங்கி இரண்டாம் வருடம். இன்னும் ஆர்கானிக் என்று சொல்லி விற்கும் உரிமை இல்லை, அவரும் சொல்வதில்லை. சந்தை விலையை விட ஐந்து பத்து ரூபாய் கூட வைத்துக் கொடுக்கிறார். அடுத்த வருடம் முத்திரை மாறும்போது விலையும் ஏறும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.